பன்னிரண்டு பேருக்கும் ஒரே விடை

மார்ச் 3

டீச்சரம்மாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். முழுசாகப் படித்துவிட்டுக் கிழி. உன் பள்ளிக்கு இரண்டு முறை போன் செய்தேன். "டீச்சர் வகுப்புல இருக்காங்க" என்றார்கள். இரண்டு முறையும் மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் எந்த வகுப்பு நடக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறைக்குப் புதிதாகத் தகடு மடிக்கும் மெஷின் வருகிறது, கம்ப்யூட்டர் வைத்தது. அதில் நிற்க வேண்டுமானால் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ண வேண்டுமாம். அடிப்படை வடிவியல். நாற்பது மதிப்பெண்ணுக்கு இருபத்தைந்து எடுத்தால் உள்ளே. எடுக்காவிட்டால் ஏப்ரலோடு வீட்டுக்கு. தேர்வு மார்ச் 28, சனிக்கிழமை காலை பத்து மணி. மடிப்புப் பிரிவில் நாங்கள் பன்னிரண்டு பேர். எட்டாவதைத் தாண்டியவர் ஒருத்தரும் கிடையாது. எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறோமே, அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். மீசைக்காரனுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் படிக்கின்றன.

இதில் பெரிய கூத்து, என்னைப் பிடித்து வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். "வீட்லயே டீச்சர வெச்சிருக்க. பத்து வருஷத்துல நாலு வார்த்தையாவது காதுல விழுந்திருக்காதா?" என்கிறான் மீசை. நீ மாற்றலாகிப் போயிருக்கிறாய் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

விழுந்த நாலு வார்த்தையும் திட்டு. அதை வைத்துப் பாடம் நடத்த முடியாது. புத்தகம் அனுப்பாதே, புத்தகத்தைக் கண்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். உன் கையெழுத்தில் இரண்டு பக்கம் போதும்.

மகள் சாப்பிடுகிறாளா?

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்தவன்தான்


மார்ச் 8

உங்களுக்கு,

கிழிக்கவில்லை. உங்கள் மகள் சாப்பிடுகிறாள்.

என்னிடம் கணக்குக் கேட்டு நீங்கள் கடிதம் போடுவீர்கள் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று நம் கூடத்தில் உங்கள் பட்டறை ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவை நீங்கள் தப்பாகச் சொன்னீர்கள். நான் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். "இனிமே எனக்குப் படம் போட்டுக் காட்டாதே" என்று அவர்கள் எதிரிலேயே கத்தினீர்கள். அப்புறம் இரண்டு மாதம் வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. மாற்றல் உத்தரவைக் கொண்டுவந்து நீட்டியபோதும் "போ" என்ற ஒரே வார்த்தை. போனேன்.

ஆகவே இந்தக் கடிதத்தில் படம் இல்லை. வார்த்தைகள் மட்டும் எழுதுகிறேன்.

வட்டத்தின் நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரம் ஆரம். ஓரத்திலிருந்து நடு வழியாக எதிர் ஓரம் வரை விட்டம். நடுவைத் தொடாமல் ஓரத்தின் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் நாண். வட்டத்தைச் சுற்றிவந்தால் பரிதி. எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகள் இணைகோடுகள். தொண்ணூறு டிகிரி செங்கோணம், அதற்குக் குறைந்தது குறுங்கோணம், கூடினது விரிகோணம். நூற்றெண்பது என்றால் நேர்க்கோணம். சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: விளிம்பு ஒட்டுவது சுற்றளவு, பெயின்ட் அடிப்பது பரப்பளவு.

ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். மறுநாள் பழையதைக் கேட்டுவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது ஆகாது. உங்களுக்கே தெரியும்.

— நான்


மார்ச் 13

டீச்சரம்மாவுக்கு,

ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் அரை மணி நேரம். மேசையைத் துடைக்கிற அம்மா எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பன்னிரண்டு தடியர்கள் வட்டமாக உட்கார்ந்து "விட்டம், நாண், பரிதி" என்று கூவினால் சிரிக்காமல் என்ன செய்வாள்? ஆரம் என்றதும் ஒருத்தன் "கழுத்துக்கா?" என்றான். நான் சிரிக்கவில்லை. நீ சொன்னாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நம்ப மாட்டாய், இவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. பெயர்தான் தெரியவில்லை. பீப்பாய்க்கு அடித்தகடு வெட்டுகிறவனுக்கு ஆரம் தெரியாதா? இணைகோடு தெரியாமல் குழாய் மடிக்க முடியுமா? பெயர் சொன்னதும் "அடச்சீ, இதுதானா?" என்கிறார்கள். நேர்க்கோணம் நூற்றெண்பது என்றதும் எங்கள் குள்ளர், "அட, நம்ம ஓரமடிப்புங்க" என்றார். தகட்டு ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க அதைத் தன்மேலேயே திருப்பி மடித்துப் படுக்க வைப்போமே, அது. அட, ஆமாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாடம் இப்படித்தான் ஓடுகிறது.

சித்தப்பா மட்டும் நோட்டில் எழுதி எழுதி அழிக்கிறார். அவருக்குக் கை நடுங்குகிறது. தகட்டைப் பிடித்தால் நடுங்காத கை, பென்சிலைப் பிடித்தால் நடுங்குகிறது. "நான் போயிட்டா வீட்ல எம்பாட்டுக்கு உக்காந்துருவேன்டா, எனக்குப் பரவாயில்ல" என்கிறார். பொய். அவர் வீட்டில் அவர் ஒருத்தர் சம்பாத்தியம்தான்.

அடுத்தது முக்கோணம். சீக்கிரம் எழுது. கணக்குகளும் அனுப்பு.

போன முறை "உங்கள் மகள்" என்று எழுதியிருந்தாய். கவனித்தேன்.

— வாத்தியார்


மார்ச் 18

உங்களுக்கு,

ஓரமடிப்பைப் படித்து நானும் மகளும் சிரித்தோம். அவள் அதைத் தன் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

முக்கோணத்தில் மூன்று பக்கமும் சமம் என்றால் சமபக்கம். இரண்டு மட்டும் சமம் என்றால் இருசமபக்கம். ஒரு கோணம் தொண்ணூறு என்றால் செங்கோண முக்கோணம், அதன் மிக நீளமான பக்கம் கர்ணம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. என் வகுப்பிலும் சொல்வதில்லை. செய்து, அளந்து, கூட்டிப் பார்க்கச் சொல்வேன். தானாகக் கண்டுபிடித்ததை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை. உங்களிடம் தகடு இருக்கிறது, அளக்கக் கருவி இருக்கிறது. விதவிதமாக நாலைந்து முக்கோணம் செய்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கூடுதல் வரும்போது உங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பின்பக்கம் இருபது கணக்குகள் எழுதியிருக்கிறேன். விடைகளை அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். நாலு நாள் போக, நாலு நாள் வர என்று இந்தத் தபாலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் தாமதிக்காதீர்கள்.

சித்தப்பாவிடம் தடிமனான பென்சில் கொடுத்துப் பாருங்கள். நடுக்கம் குறையும்.

நம் மகள் நன்றாக இருக்கிறாள்.

— நான்


மார்ச் 23

என் டீச்சருக்கு,

"நம் மகள்." கேன்டீனில் வைத்தே மூன்று தரம் படித்தேன். மீசை பார்த்துவிட்டு, "என்ன, கணக்குப் பாடத்துக்கு இப்படிப் பல்லு தெரியுது?" என்றான்.

நீ சொன்னபடியே செய்தோம். நீளமான தகட்டுப் பட்டையை எடுத்து மெஷினில் மடித்து மடித்து முக்கோணமாக மூட்டினோம். சமபக்கத்துக்கு, மடிப்பை அளந்து காட்டும் மெஷின் முள்ளில் நூற்றிருபது, நூற்றிருபது, நூற்றிருபது. கூட்டினால் முந்நூற்றறுபது. அடுத்து ஒல்லியாக ஒன்று, சப்பையாக ஒன்று. முந்நூற்றறுபது! குள்ளர் விடவில்லை, சதுரம் செய்தார். அதற்கும் அதே. ஆறு பக்கம் வைத்து ஒன்று செய்தார். அதற்கும் அதே! நீ சொன்ன அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சித்தப்பா கைதட்டினார். முப்பது வருடமாக மடித்துக்கொண்டிருக்கிறோம், இது ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணினால் போதும் என்று எல்லோருக்கும் உயிர் வந்துவிட்டது.

இருபது கணக்கும் போட்டோம். தனித்தனியாக உட்கார வைத்து, பக்கத்துத் தாளைப் பார்க்க விடாமல் நடத்தினேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே விடை. அப்புறம் உனக்கு அனுப்பி என்ன திருத்துவது? பதினேழாவது கணக்கில் மட்டும் ஒரு தகராறு. ஒரு கோணம் நூறு, இன்னொன்று நாற்பது, மூன்றாவது என்ன என்று கேட்டிருந்தாய். இருநூற்றிருபது வந்தது. "அவ்வளவு மடிக்கவே முடியாதுடா, தகடு கிழிஞ்சிரும்" என்று சித்தப்பா அடம்பிடித்தார். "கை சொல்றதக் கேக்காதீங்க சித்தப்பா. கணக்கு சொல்றத எழுதுங்க. இது பரிட்சை" என்றேன். சரி என்று எழுதினார்.

சனிக்கிழமை தேர்வு. பயமே இல்லை. இது முடிந்ததும் லீவு போட்டு அங்கே வரலாமா என்று ஒரு எண்ணம். வரலாமா?

— வாத்தியாரேதான்


மார்ச் 27, வெள்ளி

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், ஆனால் திங்களுக்கு முன் வராது என்று தபால்காரர் சொல்கிறார். தெரிந்தும் எழுதுகிறேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

முந்நூற்றறுபது இல்லை. நூற்றெண்பது. நீங்கள் மெஷின் முள்ளைப் பார்த்து அளந்திருக்கிறீர்கள். தகடு நிமிர்ந்து கிடந்தால் உங்கள் முள் சுழியத்தில் நிற்கும். எவ்வளவு மடிக்கிறீர்களோ அவ்வளவு காட்டும். எங்கள் கணக்கில் நிமிர்ந்து கிடப்பதுதான் நூற்றெண்பது. நாங்கள் மடிப்பை அளப்பதில்லை. மடித்த பிறகு இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ளே மிஞ்சும் இடைவெளியை அளக்கிறோம். தொண்ணூறுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வரும். மற்ற எல்லாமே தலைகீழ். உங்கள் நூற்றிருபது எங்களுக்கு அறுபது. உங்கள் குறுங்கோணம் எங்களுக்கு விரிகோணம்.

உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது பொய்யே இல்லை. மடிப்புகளைக் கூட்டினால் எந்த வடிவத்துக்கும் முந்நூற்றறுபதுதான். புத்தகத்தில் வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் தேர்வில் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஓரமடிப்பு என்று எழுதினீர்களே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்துகிறவள், வாயைத் திறந்து சிரித்தேன். ஒரே ஒரு படம் போட்டு அனுப்பியிருந்தால் போதும். வீம்பு.

பட்டறைக்கு மூன்று முறை போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. நாளைக் காலை தலைமையாசிரியை அறையைத் திறந்ததும் மறுபடி முயல்கிறேன். கிடைத்துவிட்டால் இந்தக் கடிதம் வீண். வீணாகட்டும்.

— நான்


மார்ச் 30

உனக்கு,

விரைவுத் தபால் இன்றுதான் வந்தது. சேதி சனிக்கிழமையே கிடைத்துவிட்டது, ஆனால் எப்படிக் கிடைத்தது என்று கேள்.

ஒன்பது மணிக்கே எல்லோரும் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றோம். வாட்ச்மேன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதோ கைமாற்று கேட்க வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு ஹாலுக்குள் எல்லோரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் கடைசி. வாசல்படியில் காலை வைக்கும்போது ஓடிவந்து கையில் ஒரு சீட்டைத் திணித்தார். "உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க." சீட்டில் "காலை 9.15. நிமிர்ந்தால் 180. உள்பக்கம் அளக்கவும். முக்கோணம் 180" என்று எழுதியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் கதவைச் சாத்தினார். "வாயத் தொறந்தா அந்த வரிசையே வெளிய போகணும்" என்றார். எங்களுக்கு ஒரே வரிசைதான்.

மூன்றாம் கேள்வி. "ஒரு முக்கோணத்தின் இரு கோணங்கள் 70, 60 எனில் மூன்றாவது?" இருநூற்றுமுப்பது என்று எழுதக் கையை வைத்தேன். அப்போதுதான் மண்டையில் இறங்கியது. சீட்டில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் ஆணி மாதிரி இறங்கியது. ஐம்பது. விடை ஐம்பது.

திரும்பிப் பார்த்தேன். பதினோரு தலைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. சித்தப்பா நிமிர்ந்தார். பயப்படாதே, எல்லாம் தெரிந்ததுதான் வந்திருக்கிறது என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார். நீ சொன்ன அந்தத் தடிமனான பென்சில் அவர் கையில். நடுங்கவில்லை.

எழுந்து கத்தியிருக்கலாம். ஒரே வார்த்தை போதும். கத்தினால் பன்னிரண்டு பேரும் வெளியே. கத்தாவிட்டால் பதினோரு பேர் வெளியே. இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் இருமினேன். இருமி என்ன ஆகும்? கை தன்பாட்டுக்கு ஐம்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று சரியான விடையை எழுதிக்கொண்டே போனது.

கோணக் கேள்விகளுக்கு மட்டும் பதினெட்டு மதிப்பெண்.

வெளியே வந்ததும் மீசை என்னைத் தூக்கிச் சுற்றினான். "வாத்தியாரே, நீ சொன்னதத் தவிர ஒண்ணுமே வரல!"


ஏப்ரல் 4

என்னங்க,

உங்கள் மேனேஜருக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். படங்களோடு. பதினோரு பேரும் அளவில் தவறவில்லை, அளக்கத் தொடங்கும் இடம்தான் வேறு, ஒவ்வொரு விடையையும் நூற்றெண்பதிலிருந்து கழித்துப் பார்த்தால் தெரியும் என்று விளக்கியிருக்கிறேன். முக்கோணக் கணக்குகள் அப்படிக் கழித்தாலும் சரிவராது, அதையும் மறைக்காமல் எழுதினேன். மறுதேர்வு கேட்டிருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே என் பதவியையும் போட்டேன், ஏதாவது மதிப்பு இருக்குமோ என்று.

நீங்கள் சாப்பிடுங்கள். எழுதியது எழுதியாயிற்று. கை தானாக எழுதியது என்றால் கையைக் குறை சொல்ல முடியாது.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள்.

— நான்


ஏப்ரல் 16

உனக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. முடிவு வந்துவிட்டது. நான் முப்பத்தேழு. மற்றவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள். ஒருத்தர்கூடத் தப்பவில்லை.

உன் கடிதம் மேனேஜர் மேசைமேல் இருந்ததைப் பார்த்தேன். என்னைக் கூப்பிட்டு, "திருத்துனது வெளி ஆளு. நாங்க கை வைக்க முடியாது. உங்க வீட்டம்மா ரொம்ப நல்லா படம் போடுறாங்க" என்றார். அவ்வளவுதான்.

மீசை என் பக்கத்தில் வந்து நின்றான். "எங்களுக்கு ஒண்ணு சொல்லிக்குடுத்துட்டு, நீ வேற ஒண்ணு எழுதியிருக்க. எங்கள வெட்டி விட்டுட்டு நீ மட்டும் மெஷினப் பிடிக்கணும்னு எத்தன நாளா நெனச்ச?" என்று கேட்டான். சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. அதை எடுத்துக் காட்டினால், முன்கூட்டியே எனக்குத் தெரியாது என்று புரிந்துகொள்வான். ஆனால் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை, என்னைத் தாண்டிப் போனார்கள்.

சித்தப்பா மட்டும் வந்தார். "நீ சொன்ன மாதிரியேதான்டா எழுதினேன். எங்கயோ கூட்டல்ல விட்டுட்டேன் போல" என்றார். அன்றே சொன்னாரே, அவ்வளவு மடிக்க முடியாது என்று! அவர் கை சொன்னது. நான்தான் கேட்காதீர்கள் என்றேன்.

புது மெஷின் நேற்று ஓடத் தொடங்கியது. தகட்டை வைத்தேன். நிமிர்ந்து கிடந்த தகட்டுக்குத் திரையில் சுழியம் காட்டியது. எங்கள் பழைய முள் மாதிரியேதான் அளக்கிறது. உங்கள் நூற்றெண்பதை இந்தப் பட்டறையில் யாரும் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை. அந்தப் பதினோரு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினால் பத்து நிமிடத்தில் ஓட்டுவார்கள்.

லீவு கேட்டேன். மெஷினுக்கு ஒரே ஆள்தான் இருப்பதால் தர முடியாது என்றார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வாட்ச்மேன் ஏன் அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தார்? ஒன்பதே காலுக்கே சேதி கையில் இருந்திருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு பேரும் அவர் கண்ணெதிரில்தான் நின்றோம். கேட்கலாம் என்று போனால், நாலு நாளாக அவர் வரவில்லை.


ஏப்ரல் 21

என்னங்க,

வாட்ச்மேனைக் கேட்க வேண்டாம். நான் சொல்கிறேன்.

அன்று காலை லைன் கிடைத்ததும் அவர்தான் எடுத்தார். நான் சொன்னதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், திரும்பப் படித்தும் காட்டினார். அப்புறம், "எல்லாரும் இங்கதாம்மா டீ குடிச்சிட்டு நிக்கிறாங்க. சத்தமா படிச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

முக்கால் மணி நேரம் இருந்தது. ஒரு தகட்டை மடித்துக் காட்டி நீங்கள் அவர்களுக்கு விளக்கியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. டீ கிளாசோடு பதினோரு பேர் உங்களைச் சுற்றி நிற்பதும், வாட்ச்மேன் உரக்கப் படிப்பதும், "என்ன வாத்தியாரே, எல்லாம் தப்பாமே, வீட்டம்மா சொல்றாங்க" என்று யாரோ சிரிப்பதும், உங்கள் முகம் அன்று நம் கூடத்தில் போன மாதிரி போவதும்தான் தோன்றியது. மறுபடியும் நான் உங்களை நாலு பேர் எதிரில் குனிய வைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இப்போதுதான் "வரலாமா" என்று கேட்டிருந்தீர்கள்.

"வேண்டாங்க" என்றேன். "அவர் தனியா இருக்கும்போது அவர் கையில மட்டும் குடுங்க."

நான் சொன்னபடியே அவர் செய்திருக்கிறார்.